ஏசி போட்டால் வள்ளியூர் இல்லை

மின்சாரக் கார் வாங்கிய வீட்டாருக்கு, அந்தக் கார் நிற்கும் இடத்திலிருந்து அது போய்ச் சேரக்கூடிய தூரம் வரைதான் ஊர்கள் உண்டு. அதற்கு அப்பால் இருக்கிற ஊர்கள் மற்றவர்களுக்கு உண்டு, அவர்களுக்குக் கிடையாது. சார்ஜ் ஏறினால் ஊர்கள் வரும். இறங்கினால் போகும். மதுரையில் தராசுக் கடை வைத்திருந்த பூமிநாதன் இதெல்லாம் தெரிந்தேதான் தை மாதம் ஒரு கார் வாங்கினார்.

ஷோரூமில் இருந்த பெண் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "மார்கழி, தையில நாகர்கோவில் வரைக்கும் இருக்கும் சார். பங்குனி வெயில்ல ஆரல்வாய்மொழியோட நின்னுரும். சித்திரையில ஏசி போட்டா வள்ளியூர் இருக்காது. ஐப்பசி அடைமழைக்கு வைப்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்து நாங்குநேரியைத் தின்னுரும். இதுவும் பேட்டரி புதுசா இருக்கிற வரைக்கும்தான். வருஷம் ஆக ஆக திருநெல்வேலியே கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். வாசலில் நின்று என்ன சொல்லிவிட்டுக் கிளம்புகிறோமோ அதைக் கார் காதில் வாங்கிக்கொள்ளும், அந்த வாக்குக்கு வேண்டிய சார்ஜைத் தனியாக எடுத்து வைத்துவிடும், அப்புறம் யார் கேட்டாலும் தராது என்றாள். அந்த நேரத்தில் பூமிநாதன் சீட்டின் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியது நாகர்கோவில் ஒன்றுதான். ஒரே மகள் கயல்விழியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள், அவருக்கும் பிறந்தது. பொங்கல் முடிந்த கையோடு அவரும் மனைவி மங்கையற்கரசியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புது காரில் கிளம்பினார்கள். கோவில்பட்டி இருந்தது, திருநெல்வேலி இருந்தது, வள்ளியூர் இருந்தது, நாகர்கோவிலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மகள் மாசமாக இருக்கிற செய்தியை அங்கே நேரிலேயே கேட்டார்கள்.

கார் நல்ல கார்தான், குறை சொல்லக் கூடாது. பெட்ரோல் பங்குகள் இவர்கள் கண்ணில் படுவதையே விட்டுவிட்டன. அந்த இடங்களில் காலி மனைகள் இருந்தன, ஒன்றிரண்டில் ஆடு மேய்ந்தது. சத்தம் என்பதே இல்லாததால் தெரு நாய்கள் எழுந்திருக்காமல் படுத்த படிக்கு வழிவிட்டன. காருக்குள் முணுமுணுத்தாலும் தெளிவாகக் கேட்டது. அதனால் மங்கை, கல்யாணமான நாள் முதல் இருந்த முணுமுணுக்கும் பழக்கத்தை ஒரே வாரத்தில் விட்டாள். சொல்ல வேண்டியதை உரக்கவே சொன்னாள்.

பங்குனியில் வெயில் ஏறியது. நாகர்கோவில் முதலில் பகலில் மட்டும் போய்விட்டு சாயங்காலம் வந்தது. பிறகு விடிகாலையில் மட்டும் இருந்தது. மகளிடம் பேசுவதானால் காபி குடிப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சித்திரை பிறந்ததும் அதுவும் நின்றது. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு மகளை அழைத்து வர நாள் பார்த்திருந்தார்கள். அந்த நாளில் உலகம் வள்ளியூருக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது. வாங்கி வைத்த கண்ணாடி வளையல்கள் பீரோவில் இருந்தன.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். இதை மங்கை யாரிடமும் விவாதிப்பதில்லை. அவள் தாய்வீட்டில் பிறந்தவள், அவளுடைய தாயும் அப்படியே. மகளையும் மதுரையில் தன் தாய்வீட்டில்தான் பெற்றாள். இந்த வரிசை ஒரு காரால் அறுந்தது என்று பேர் வரக் கூடாது என்பது அவள் கவலை. பூமிநாதனுக்குக் கவலை அதோடு நிற்கவில்லை. கயலுக்கு ரத்தம் குறைவு என்று தையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். மகளைக் கண்ணால் பார்க்காத ஒவ்வொரு நாளையும் அவர் காலண்டரில் எண்ணி வைத்தார்.

வைகாசியில் ஒருநாள் கோடை மழை பெய்து குளிர்ந்தது. நாகர்கோவில் திடீரென்று வந்தது, போனும் வந்தது. பூமிநாதனும் மங்கையும் அப்போது காரில், தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, டாக்டர் இன்னைக்கு ஸ்கேன் பாத்தாங்கப்பா. கொழந்தை வந்து..." என்றாள் கயல்.

மங்கைக்கு வியர்த்துக் கொட்டியது. கேட்கும்போது நிம்மதியாகக் கேட்போம் என்று கை தன் போக்கில் ஏசியைத் தட்டிவிட்டது. உடனே அணைத்தும் பயன் இல்லை. மழை விட்டு வெயில் அடித்தது, நாகர்கோவில் அதற்குமேல் வரவில்லை. குழந்தை வந்து என்ன என்று தெரியாமல் இருவரும் தெப்பக்குளத்தை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். அன்றிலிருந்து மங்கை வீட்டிலும் மின்விசிறி போடுவதில்லை.

பேருந்தில் போகலாமே என்று யாருக்கும் தோன்றும். பூமிநாதனுக்கும் தோன்றியது. மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பேருந்துகள் நிற்கிற இடத்தில் அவர் கண்ணுக்கு ஒரு நீளமான வெற்றிடம் தெரிந்தது, அதில் மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடத்துனர் ஒருவர் இரக்கப்பட்டுப் பேசினார். "வீட்ல கார் நிக்கிதா அண்ணே? அப்ப உங்களுக்கு டிக்கெட் கிழிச்சா தாள் மட்டும்தான் வரும், ஊர் வராது." காரை விற்றுவிடலாம் என்றால், இன்னொருவருடைய உலகத்தை வாங்குவதற்கு மதுரையில் ஆள் இல்லை.

ஆகவே எடையைக் குறைத்தார்கள். தராசுக் கடைக்காரருக்கு இது கைவந்த வேலை. ஸ்டெப்னியைக் கழற்றியதில் பணகுடி வந்தது. கால்மிதிகளையும் டிக்கியிலிருந்த குடைகளையும் எடுத்ததில் காவல்கிணற்றின் பாதி தெரிந்தது. முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரை எடுப்பதா வேண்டாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தார்கள். அவரை எடுத்தால் ஒரு டீக்கடை தூரம் கூடும். ஆனால் அவர் இல்லாமல் அந்த டீக்கடை வரை எப்படிப் போவது என்று மங்கை கேட்டாள். பிள்ளையார் இருந்தார்.

ஆனி பாதியில் ஒன்பதாம் மாதமும் முடியப் போனது. இனிக் காத்திருந்தால் ஆடி பிறந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றுக்கு இந்தக் கார் எந்த மூலைக்கு? பூமிநாதன் திட்டம் போட்டார். மங்கை வந்தால் அவள் எடைக்கு நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் வரை செலவாகும், அதனால் அவர் தனியாகப் போவது. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசி போடாமல், விடியும் முன்பே கிளம்புவது. கயத்தாறில் ஒரு சார்ஜ் நிலையம் உண்டு, அங்கே முழுசாக ஏற்றினால் நாகர்கோவில் தானாக வரும். மகளை ஏற்றிக்கொண்டு, அங்கேயும் வழியிலும் சார்ஜ் போட்டு, மெதுவாகத் திரும்புவது. மங்கை ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது.

திட்டத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை அவர் வாயில் இருந்தது.

கிளம்பும்போது மங்கை மாடியிலிருந்து இறங்கி வாசலில் வந்து நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கிளம்புகிறவரைக் கேட்கக் கூடாது, அவள் கேட்கவில்லை. அவர் காரின் கதவைத் திறந்தார். அவள் இன்னும் நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி அவருக்குப் பழக்கமில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தயிர் வாங்குவதென்றாலும் சொல்வதைத்தான் அவர் வாய் அன்றைக்கும் சொன்னது.

"போயிட்டு வர்றேன்."

"ம். போயிட்டு வாங்க" என்றாள் மங்கை.

கார் அதைக் கேட்டுக்கொண்டது.

கயத்தாறு வரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சார்ஜ் நிலையத்தில் இரண்டு கருவிகள். ஒன்று ரிப்பேர், இன்னொன்றில் ஏற்கெனவே ஒரு கார் மாட்டியிருந்தது. அதன் சொந்தக்காரர் திருச்சிக்காரர், குடும்பத்தோடு திருச்செந்தூருக்குக் கிளம்பியவர். பிள்ளைகள் மரநிழலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்து ரொம்ப நேரமாச்சா?" என்றார் பூமிநாதன்.

"மாசியில வந்தோம். கரண்ட் வந்து வந்து போகுது. கடலைமிட்டாய் சாப்பிடுங்க" என்று அவர் ஒரு வில்லையை நீட்டினார். நல்ல மனிதர், அவசரம் என்று சொன்னதும் தன் வயரைக் கழற்றி இடம் கொடுத்தார்.

முழுசாக ஏறியது. பூமிநாதன் திரையைப் பார்த்தார். அதில் நாங்குநேரிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் இருந்த பெரிய பச்சைப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். திருநெல்வேலி இருந்தது, நாங்குநேரி இருந்தது, அதற்குக் கீழே வெறும் பச்சை. பேட்டரியில் பாதிக்கு மேல் கார் தனியாக எடுத்து வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தால் 'மதுரைக்குத் திரும்பி வர' என்று எழுத்து வந்தது. வழியில் கிடைக்கிற சார்ஜை நம்பி வாக்குக் கொடுக்கிற கார் இல்லை அது. அந்த ரிப்பேர் கருவியைப் பார்த்தால் கார் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது உண்டு. இவருக்குக் கைக்கு எட்டியதை வாய் கெடுத்துவிட்டது. மதுரைக்குத் திரும்பி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பலாமா என்று யோசித்தார். அப்போது மேற்கே காற்று ஒரு நிமிஷம் விழுந்தது. பலகையின் அடியில் 'நாகர்' வரை எழுத்து வந்தது. போன் அடித்தது, மருமகன் சுயம்புலிங்கம்.

"மாமா, எங்க இருக்கிய? அவளுக்குக் காலையில இருந்தே இடுப்புவலி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கா. அம்மா வீட்டுக்குத்தான் போவேன்னு நிலையா நிக்கா. டாக்டரம்மா என்ன சொல்லுதாங்கன்னா..."

காற்று எழுந்தது. பலகை வெறும் பச்சையாயிற்று.

பூமிநாதன் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றினார். யாரிடம் வாக்குக் கொடுத்தாரோ அவரிடமேதான் திரும்ப வாங்க வேண்டும். மங்கையைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கயத்தாறுல இருக்கேன். கயலுக்கு வலி வந்திருச்சாம்."

"ஐயோ, அப்ப கிளம்புங்க. ஏன் பேசிக்கிட்டு நிக்கிறீங்க?"

"மங்கை, காலையில வாசல்ல ஒண்ணு சொன்னேன்ல. அதை மாத்திச் சொல்லணும். அப்பதான் நாகர்கோவில் வரும்."

அவருக்குப் புரிந்ததைவிட அவளுக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கோபத்தில்கூட, சண்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போன நாட்களில்கூட, படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகாவது 'வர்றேன்' என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்.

"அந்தச் சார்ஜை எடுத்துட்டா மதுரை இருக்காதே" என்றாள் மங்கை.

"இருக்காது."

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

"தெரியலை மங்கை."

திருச்சிக்காரரின் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது மூடிய கண்ணாடி வழியாக மெல்லக் கேட்டது. முப்பது வருஷமாக ஒரே பாத்திரத்தில் காபி குடித்தவர்கள். அவருக்குப் பயமாக இருந்தது, அவளை விட்டுவிடப் பயம். அதை அவளிடம் சொன்னார்.

"எனக்கும்தான் பயமா இருக்கு. அவளுக்கு நம்மளை விடப் பயமா இருக்கும்ல. சொல்லுங்க" என்றாள் மங்கை.

"போறேன்."

"சரிங்க. அடுப்பில பால் வச்சிருக்கேன், அதை இறக்கிட்டு..." என்றாள். போன் நின்றது.

திரை மாறியது. பலகையில் வள்ளியூர் வந்தது, ஆரல்வாய்மொழி வந்தது, நாகர்கோவில் முழுசாக வந்தது. எதிர்ப்பக்கச் சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு வைத்த பலகையில் மதுரை இருந்த வரி காலியாயிற்று. திருச்சிக்காரரிடம் தலையசைத்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். அழுதுகொண்டே ஓட்டினார். சத்தமில்லாத வண்டி என்பதால் அவருக்கு அது நன்றாகக் கேட்டது.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் எல்லாம் அவரைப் பார்த்தபடி சுற்றின. எதிர்காற்று காரின் மூக்கைப் பிடித்துத் தள்ளியது, திரையில் சார்ஜ் எண் மளமளவென்று இறங்கியது. ஒழுகினசேரிப் பாலம் தாண்டும்போது அந்த எண் ஒன்றாக இருந்தது. மகள் வீட்டுத் தெருவில் திரும்பும்போது சுழி. அதற்குமேல் கார் சரிவைப் பிடித்துக்கொண்டு உருண்டு வாசலில் போய் நின்றது.

"வாங்க மாமா. வழியில காத்து எப்படி இருந்து?" என்றான் சுயம்புலிங்கம்.

"கொஞ்சம் ஜாஸ்திதான் மாப்ளே."

கயல் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள். காலையில் வந்தது சூட்டு வலியாம், இப்போது விட்டுவிட்டு வருகிறதாம். ரத்தமும் தேறிவிட்டதாம். பூமிநாதன் அவள் தலையில் கை வைத்தார்.

"அன்னைக்கு டாக்டர் என்னம்மா சொன்னாங்க? கொழந்தை வந்து?"

"கொழந்தை வந்து தலைகீழாத் திரும்பிருச்சு, எல்லாம் சரியா இருக்குன்னாங்கப்பா. அம்மா எங்க?"

பூமிநாதன் போனை எடுத்துப் பார்த்தார். அதில் மங்கையின் எண் இருந்த இடத்தில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

அன்று ராத்திரி அவர் காரிலேயே படுத்திருந்தார். விடிந்து பார்த்தபோது வீடு வந்திருந்தது.

மதுரை இல்லாததால் வீட்டுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ஆகவே இருக்கிற ஊருக்கு வந்திருந்தது. அடுக்குமாடியில் அவர்களுடைய பங்கு இரண்டாம் மாடி மட்டும்தான், வந்ததும் அது மட்டும்தான். படிக்கட்டும் லிஃப்டும் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம், அவை வரவில்லை. தரைத்தளமும் முதல் மாடியும் வேறு ஆட்களுடையவை, அவையும் வரவில்லை. அதனால் வீடு தன்னுடைய பழைய உயரத்திலேயே, சுயம்புலிங்கத்தின் மொட்டை மாடிக்குச் சமமாக, அடியில் ஒன்றும் இல்லாமல் நின்றது. பால்கனியில் மங்கை ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"பால் பொங்கிருச்சு. வேற ஒண்ணும் ஆகலை. அவளை மேல கூட்டிட்டு வாங்க, நேரமாகுது" என்றாள்.

மொட்டை மாடியிலிருந்து பால்கனிக்கு சுயம்புலிங்கம் ஒரு அகலமான பலகையைப் போட்டான். கயல் வலியை விட்ட இடைவெளியில் வலது காலை எடுத்து வைத்து தாய்வீட்டுக்குள் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும் பெட்டியோடு வந்தார்கள், பலகையில் ஒவ்வொருவராக நடந்து போனார்கள். கடைசியாக மருமகன் போனான். மங்கை மகளுக்கு முதல் ஜோடி வளையலை மாட்டுவது கீழே வரைக்கும் கேட்டது.

பூமிநாதன் மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பலகையில் கால் வைத்தார். வீடு ஒரு முழம் விலகியது. காலை எடுத்தார், வீடு பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விலகியது. போறேன் என்று சொன்னவருக்கு அந்த வீட்டில் வருகை இல்லை. மூன்றாம் தடவை அவர் முயற்சி பண்ணவில்லை, உள்ளே பிரசவம் நடக்கிற வீட்டை ஆட்டக் கூடாது. மங்கை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனாள், அவர் கீழே இறங்கி வந்தார்.

வீட்டின் அடியில், அதன் நிழலில், ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேலே காலடிகள் அங்கும் இங்கும் ஓடின. பாத்திரம் விழுந்தது. கயலின் குரல் ஒரு தடவை அலறியது, அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியில் அவருக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, பெயர் தெரியாத சாமிகளைக் கூப்பிட ஆரம்பித்தபோது, குழந்தை அழுதது.

"பொண்ணு!" என்றான் சுயம்புலிங்கம் பால்கனியிலிருந்து. "ரெண்டு பேரும் சொகம் மாமா."

கொஞ்ச நேரம் கழித்து, காய்கறி வாங்கும் கூடையை மங்கை கயிற்றில் கட்டி பால்கனியிலிருந்து இறக்கினாள். மெதுவாக, ஒரு கை விட்டு மறு கை பிடித்து இறக்கினாள். கூடை அவருடைய மார்பு உயரத்துக்கு வந்து நின்றது. பழைய வெள்ளை வேட்டியை நாலாய் மடித்துப் போட்டு அதன்மேல் பேத்தி இருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் காற்றில் எதையோ தேடியது. பூமிநாதன் தன் விரலைக் கொடுத்தார், அது பிடித்துக்கொண்டது.

"பாத்தாச்சா? இழுக்கவா?" என்று மேலிருந்து கேட்டாள் மங்கை.

"இரு, கொஞ்ச நேரம்."

அவள் கயிற்றை இழுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்திருக்கும், சொல்லவில்லை. கடைசியில் அவரே விரலை விடுவித்துக்கொண்டு தலையாட்டினார். கூடை மேலே போயிற்று. சற்று நேரத்தில் அது காலியாக மறுபடி இறங்கி வந்தது.

"பத்தியத்துக்குப் பூண்டு வேணும்" என்றாள். "நல்ல நாட்டுப்பூண்டாப் பாத்து வாங்கிப் போடுங்க."

பூமிநாதன் வடசேரிச் சந்தைக்கு நடந்தார். அவர் திரும்பி வரும்வரை கூடை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.